ஐந்து வாளிக்கு எத்தனை கப்

பென்னலூர்
15.6.2025

அன்புத் தங்கை செந்தாமரைக்கு,

அக்கா காந்திமதி எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமா ராஜாமணியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் கால் வீக்கம் வடிந்ததா, உன் வீட்டுக்காரர் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா, உன் பெண் தென்றல் எப்படி இருக்கிறாள் என்று எழுது.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கடிதத்தைக் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கூடத்தில் எழுதினால் உன் மாமா பார்த்துவிடுவார். ஐந்தாவதோடு நின்றவள் பேனா பிடித்தால் ஒரு வாரம் சிரிப்பார். ஊரையே கிண்டல் பண்ணுகிற உன்னைப் பார்த்து ஒருத்தர் சிரித்தால் என்ன என்று கேட்பாய். எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். நான் கடைசியாக எழுதிய கடிதம் குக்கர் கம்பெனிக்கு, விசில் வரவில்லை என்று. அவர்கள் பதில் போடவில்லை. நீயாவது போடு.

என் நம்பரை உன் போனில் பிளாக் பண்ணி அடைத்துவிட்டு, "அவ குரலக் கேட்டாலே சிரிச்சுக்கினு பேசுற மாதிரி கீது. எதுனா சொல்லணும்னா எழுதி அனுப்பச் சொல்லு" என்று பஸ் டிரைவர் கோதண்டத்திடம் சொல்லியனுப்பினாய். அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் கம்பெனி பஸ் படப்பையில் உன் தெருமுனையில்தான் திரும்புகிறது. கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று கோதண்டம் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒரு கடிதத்துக்கு ஒரு டீ.

நடந்ததை நீ அரைகுறையாகக் கேட்டிருப்பாய். முழுசாகச் சொல்கிறேன். எங்கள் மிக்ஸிங் ரூமில் கார் கூரைக்குள் துணி ஒட்டுகிற பசையைக் கலக்குகிறோம். பசை இறுகுவதற்கு அதில் ஹார்ட்னர் ஊற்ற வேண்டும். எத்தனை கப் என்று சூப்பர்வைசர் ஸ்ரீதர் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். 4 + 2 × வாளி. இத்தனை நாளும் ஒவ்வொரு வாளியாகத்தான் கலந்தோம். நாலும் ரெண்டும் ஆறு, ஓராறு ஆறு. மாசக்கணக்காக ஆறு கப். அன்றைக்கு அவசர ஆர்டர் என்று ஐந்து வாளியையும் ஒரே டிரம்மில் கலக்கச் சொன்னார்கள். அங்கே ஒரு முறை உண்டு. ஒருத்தர் தாளைப் படிக்க வேண்டும், இன்னொருத்தர் கால்குலேட்டரைத் தட்ட வேண்டும், படித்தவர் சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். தென்றல் படித்தாள், நான் தட்டினேன். நாலும் ரெண்டும் ஆறு, ஐயாறு முப்பது. கால்குலேட்டரும் முப்பது என்றுதான் காட்டியது. முப்பது கப் ஊற்றினோம். பதினாலுதான் ஊற்றியிருக்க வேண்டுமாம். பெருக்கலை முதலில் முடித்துவிட்டுத்தான் கூட்ட வேண்டுமாம்.

டிரம் புகைந்தது. கால் மணி நேரத்தில் உள்ளே இருந்தது கல்லாகிவிட்டது. கலக்குகிற துடுப்பு நடுவில் கொடிக்கம்பம் மாதிரி நிற்கிறது. கூட வேலை செய்கிற டில்லிபாபுவின் வலது கையுறை இன்னும் அதில்தான் இருக்கிறது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் லைன் ஒன்றரை நாள் நின்றது. ஸ்ரீதர் மூஞ்சியை நீ பார்த்திருக்க வேண்டும். பல்வலியோடு முறுக்குக் கடைக்கு எதிரே நிற்கிறவர் மாதிரி இருந்தார். கையெழுத்து தென்றலுடையது என்பதால் அவளைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் ஆகாது. ஸ்ரீதருக்குக் கோபம் மதியச் சாப்பாடு வரைக்கும்தான் தாங்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
காந்திமதி

படப்பை
19.6.2025

அக்கா காந்திமதிக்கு,

செந்தாமரை எழுதுவது. நலம் கேட்டிருந்தாய். கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

உன் கடிதத்தை இரண்டு தடவை எண்ணினேன். ஸ்ரீதர் மூஞ்சியைப் பற்றி இரண்டு வரி. யாரோ ஒருத்தன் கையுறையைப் பற்றி ஒரு வரி. என் பெண்ணைப் பற்றி ஒன்றரை வரி. எழுத்தில் உன்னால் சிரிக்க முடியாது என்று நினைத்தேன். முடிகிறது.

தென்றல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தலைவாரி நாலு நாள் ஆகிறது. கேட்டால் பதில் இல்லை. அவளை உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது யார்? "எங்கூடவே வேலைக்கு வரட்டும்டி, நா பாத்துக்கறேன், என் கண்ணு முன்னால இருப்பா" என்று சொன்னது யார்? உன் கண் முன்னால்தான் இது நடந்திருக்கிறது.

அவள் பயிற்சி முடிய இன்னும் நாலு மாசம். சான்றிதழ் கையில் வந்தால்தான் எங்கேயாவது நிரந்தர வேலை. அலட்சியத்தால் நீக்கினோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் ஒரகடத்திலிருந்து சுங்குவார்சத்திரம் வரைக்கும் ஒரு கம்பெனி கேட்டும் அவளுக்குத் திறக்காது. இது உனக்குத் தெரியாதா? பதினொரு வருஷமாக அந்த கேட்டுக்குள் போய் வருகிறாய்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கால்குலேட்டரைத் தட்டியது நீ. அதைக் கம்பெனியில் சொன்னாயா, இல்லையா? ஒரே வார்த்தையில் எழுது.

செந்தாமரை

பென்னலூர்
24.6.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் நலம் வேண்டும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடு. காலிவயிற்றில் போட்டால் உனக்கு மயக்கம் வரும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

இந்த ஒரு வாரமாக நான் சும்மா இருக்கவில்லை. பென்னலூரில் இருக்கிற கால்குலேட்டரை எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டேன். மளிகைக் கடையில் முப்பது. மருந்துக் கடையில் முப்பது. ரீசார்ஜ் கடையில் முப்பது. உன் மாமா போனில் மட்டும் பதினாலு. அந்த மாதிரி போனைத்தான் எங்களிடம் கேட்டிலேயே பையில் போட்டு வாங்கி வைத்துவிடுகிறார்களே. உள்ளே நூல் கட்டித் தொங்கவிட்டிருப்பது பழைய கால்குலேட்டர். கம்பெனி கொடுத்ததைக் கம்பெனி சொன்ன மாதிரி தட்டினால் கம்பெனிக்கே கோபம் வருகிறது.

எனக்கு ஒன்று புரியவில்லை தாமரை. ரேஷன் கடையில் முன்னால் வந்தவர் முன்னால் வாங்குகிறார். கூட்டல்தான் முதலில் வந்து நிற்கிறது. பின்னால் வந்த பெருக்கல் என்ன மந்திரி வண்டியா, எல்லோரும் ஒதுங்கி வழிவிட? அப்படி வழிவிட வேண்டுமானால் ஸ்ரீதர் சொல்லியிருக்க வேண்டாமா? அவர் படித்த படிப்புக்கு ஒரு அடைப்புக்குறி போடக் கை வரவில்லை.

தென்றலுக்குப் பிடிக்கும் என்று எள் போட்ட முறுக்கு சுட்டு அனுப்புகிறேன். கோதண்டம் வழியில் இரண்டு எடுத்துக்கொள்வார், அதையும் கணக்கில் சேர்த்தே வைத்திருக்கிறேன். பெரிம்மா கேட்டேன் என்று அவளிடம் சொல். அவளைப் போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

நீ கேட்டதற்கு நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

காந்திமதி

படப்பை
6.7.2025

அக்காவுக்கு,

முறுக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். டப்பாவில் பத்தொன்பது இருக்கிறது, எண்ணிக்கொள்.

ஒரே வார்த்தையில் கேட்டேன். நீ ரேஷன் கடை, மந்திரி வண்டி என்று ஊர் சுற்றிக் காட்டினாய். நீ சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கம்பெனியிலிருந்து தென்றலுக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஆகஸ்ட் நாலாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை. குற்றம்: டிப்ளமா படித்திருந்தும் சாதாரணக் கணக்கைச் சரிபார்க்காமல் அலட்சியமாகக் கையெழுத்திட்டது.

அதைப் படித்ததும் பக்கத்து வீட்டு மீனம்மாள் டீச்சரிடம் தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர், "இது ஏழாம் கிளாஸ் கணக்கும்மா. பெருக்கல் முதல்ல, அப்புறம்தான் கூட்டல். டிப்ளமா படிச்ச பொண்ணுக்கா தெரியல?" என்று கேட்டார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தேன். மூன்று வருஷம் நகையை வைத்துப் படிக்கவைத்தேனே, ஏழாம் கிளாஸ் கணக்கு தெரியாதா உனக்கு என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், வாயைத் திறக்கவில்லை. அறைந்துவிட்டேன். இருபத்தோரு வயசுப் பெண்ணை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

என் கை இன்னும் எரிகிறது. உன்மேல்தான் எரிச்சல்.

செந்தாமரை

படப்பை
9.7.2025

பெரிம்மாவுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரியப்பாவுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?

அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கோதண்டம் அண்ணனிடம் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு மிக்ஸிங் ரூமில் நடந்ததை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அடித்தபோதும் சொல்லவில்லை. சொன்னால் உங்கள்மேல் பழி போடுகிறேன் என்று ஆகிவிடும். அதோடு, அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை.

முறுக்கு அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
பதினாலு

படப்பை
27.7.2025

அக்காவுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று கோதண்டத்திடம் கேட்டேன். "நல்லாத்தான் கீறாங்க. டெய்லி பஸ்ல வர்றாங்க. முன்னாடிலாம் ஏறுனதுலேந்து எறங்கற வரிக்கும் யாரையாவது ஓட்டிக்கினே வருவாங்க. இப்ப ஜன்னலப் பாத்துக்கினு வர்றாங்க. பஸ்ஸே துக்க வூடு மாதிரி கீது" என்றார்.

நீ பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. நம் அப்பா செத்த அன்றைக்குக்கூடப் பந்தல்காரரைக் கிண்டல் பண்ணினவள் நீ.

என்ன மறைக்கிறாய் அக்கா? நேற்று தென்றல் தூக்கத்தில் புலம்பினாள். "பதினாலு, பதினாலு" என்று சொன்னாள். தட்டி எழுப்பிக் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். கணக்கு தெரியாதவள் தூக்கத்தில் எப்படிச் சரியான விடையைச் சொல்கிறாள்?

விசாரணைக்கு எட்டு நாள் இருக்கிறது.

செந்தாமரை

பென்னலூர்
30.7.2025

செந்தாமரைக்கு,

நாங்கள் நலம். மற்றதைக் கடைசியில் கேட்கிறேன். முதலில் இதை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் ஊர் சுற்றுவேன்.

தென்றல் அன்றைக்குப் பதினாலு என்று சொன்னாள்.

தாளைப் படித்தாள். நான் தட்டுவதற்கு முன்னாலேயே, மனசுக்குள் போட்டு, "பதினாலு பெரிம்மா" என்றாள். நான் தட்டினேன். முப்பது வந்தது. "இன்னாடி பதினாலு? நாலும் ரெண்டும் எவ்ளோ?" என்றேன். ஆறு, ஆனா அப்படிப் போடக்கூடாது என்று ஏதோ சொல்ல வந்தாள். நான் விடவில்லை. கால்குலேட்டரை உயரத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினேன். "பாருங்கப்பா, மூணு வருசம் டிப்ளமா. ஆறஞ்சு பதினாலாம். ஏண்டி கண்ணு, வாய்ப்பாட்டுப் புக்கு வாங்கித் தரட்டுமா?" என்றேன். டில்லிபாபு சிரித்தான். டிராலி தள்ளுகிறவர்கள் நின்று சிரித்தார்கள். லைனில் இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். எனக்குக் குஷி ஏறிவிட்டது. உனக்குத் தெரியும், நாலு பேர் சிரித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "ஏ பதினாலு, கப்பை எடு. ஏ பதினாலு, பேனா எங்க?" என்று கூப்பிட்டேன். எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் காது சிவந்துவிட்டது. இன்னும் ஒரு தரம், "பெரிம்மா, ப்ளீஸ், ஸ்ரீதர் சாரைக் கேட்டுட்டு ஊத்தலாம்" என்றாள். "ஸ்ரீதருக்கும் சேத்து ஒரு வாய்ப்பாடு வாங்கறேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அப்புறம் அவள் கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழித்த சத்தம் எனக்குக் கேட்டது.

அன்றைக்கு ஸ்ரீதர் வந்து யார் சரிபார்த்தது என்று கத்தினார். நான் அங்கேதான் நின்றேன். வாய் ஓயாமல் பேசுகிற நான் அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. காண்ட்ராக்ட் ஆள் நான். வாயைத் திறந்தால் அன்றைக்கே கார்டைப் பிடுங்கி வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அவள் நிரந்தரமாகப் போகிறவள், படித்தவள், அவளைத் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுவதுகூடப் பொய். நினைக்கவே இல்லை. பயந்தேன்.

முதல் கடிதத்திலேயே இதை எழுத உட்கார்ந்தேன். கையுறை வந்தது, துடுப்பு வந்தது, ஸ்ரீதர் மூஞ்சி வந்தது. இது மட்டும் வரவில்லை. அப்புறம் நீ அவளை அறைந்ததாக எழுதினாய். அந்த அறை யாருக்கு விழ வேண்டியது என்று தெரிந்தும் மூன்று வாரம் பேனாவை எடுக்கவில்லை.

எனக்கு ஸ்ரீதர்மேல் கோபம். அந்தக் கால்குலேட்டர்மேல் கோபம். அன்றைக்குச் சிரித்த பத்துப் பேர்மேலும் கோபம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் என்மேல் இருக்கிறதில் பாதிகூட வரவில்லை.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதினேன். முதல் இரண்டிலும் நடுவில் எங்கேயோ ஒரு கிண்டல் வந்து உட்கார்ந்துவிட்டது. கிழித்துப் போட்டேன்.

உன் கால் எப்படி இருக்கிறது?

காந்திமதி

படப்பை
1.8.2025

படித்தேன். அவளிடம் காட்டினேன்.

எனக்குச் சொன்னது போதாது. திங்கட்கிழமை, பத்து மணி. அங்கே சொல்.

செந்தாமரை

பென்னலூர்
5.8.2025

செந்தாமரைக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நேற்று நீ கேட்டுக்கு வெளியேதான் நின்றாய். நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம். உள்ளே நடந்ததைத் தென்றல் எவ்வளவு சொன்னாளோ தெரியாது. நான் சொல்கிறேன்.

எச்.ஆர். அதிகாரி புருஷோத்தமன் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஸ்ரீதர், ஒரு பக்கம் தென்றல். என்னைச் சாட்சி என்று கூப்பிட்டார்கள். நான் முதலில், "சார், உங்க மேஜ மேல கீற கால்குலேட்டர்ல அந்தக் கணக்கப் போடுங்க" என்றேன். போட்டார். முப்பது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். முப்பது. அக்கவுண்ட்ஸிலிருந்து இன்னொன்று வரவழைத்தார். அதுவும் முப்பது. ஸ்ரீதர் தன் போனை எடுத்துத் தட்டிக் காட்டினார். பதினாலு. புருஷோத்தமன் மூன்றையும் வரிசையாக வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தோடு முடிந்துவிடும், கால்குலேட்டர் தலையில் கட்டிவிட்டு நானும் அவளும் வெளியே போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தையும் உனக்கு மறைக்கவில்லை. அதற்குள் புருஷோத்தமன், "மெஷின் இன்னா வேணா காட்டட்டும்மா. அது தப்புன்னு கண்டுபுடிக்கத்தான் படிச்ச பொண்ணுகிட்ட கையெழுத்து வாங்கறோம். அதுக்குத் தெரிலன்னா எப்படி?" என்றார்.

"அதுக்குத் தெரியும் சார்" என்றேன். "பதினாலுன்னு ரெண்டு வாட்டி சொல்லிச்சு. ஸ்ரீதர் சாரக் கேட்டுட்டு ஊத்தலாம்னும் சொல்லிச்சு. நாந்தான் சிரிச்சு அது வாய அடைச்சேன். தட்டினதும் நானு, ஊத்தினதும் நானு."

ஸ்ரீதர், "தெரிஞ்சும் ஏன் கையெழுத்துப் போட்டா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பத்து பேரு சுத்தி நின்னு சிரிச்சா நீங்க போடாம இருப்பீங்களா சார்? ரெண்டு வளஞ்ச கோடு போட்டு எழுதியிருந்தா இந்தக் கத ஏது? தாளு யாரு எழுதினது? அதுக்கு எங்க கையெழுத்து?" என்றேன். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டில்லிபாபுவைக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் அவன் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டிருந்தேன், வரமாட்டேன் என்றுதான் சொன்னான். ஆனால் வந்தான். "ஆமா சார். பதினாலுன்னுதான் சொல்லிச்சு. நாங்கதான் சிரிச்சோம்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

கடைசியாகத் தென்றலிடம் ஏனம்மா இதை முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டார்கள். அவள் எழுந்து நின்றாள். "இதுவரைக்கும் ஏன் தப்பு பண்ணேன்னுதான் சார் எல்லாரும் கேட்டாங்க. இன்னா நடந்துச்சுன்னு யாரும் கேக்கல" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

அவளைத் திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள். அலட்சியம் என்று எங்கேயும் எழுத மாட்டார்கள். புருஷோத்தமன் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார், நான் பார்த்தேன். என் கார்டை வாங்கிக்கொண்டார்கள். பதினொரு வருஷம். பத்து நிமிஷத்தில் லாக்கரைக் காலி பண்ணினேன். ஒரு டம்ளர், ஒரு சீப்பு, ஒரு ஜோடிச் செருப்பு. ஸ்ரீதருக்கு ஒன்றும் இல்லை. சுவரில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறார்: 4 + (2 × வாளி). எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

மாத்திரையை விடாதே.

காந்திமதி

படப்பை
28.9.2025

அக்கா காந்திமதிக்கு,

எல்லோரும் நலம். என் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாமா முதுகுவலிக்கு ஒரு எண்ணெய் அனுப்புகிறேன், தேய்க்கச் சொல்.

உடனே எழுதவில்லை. எழுதினால் திட்டித்தான் எழுதுவேன் என்று விட்டுவிட்டேன். இரண்டு மாசம் ஆகியும் திட்டித்தான் வருகிறது. ஆகையால் எழுதுகிறேன்.

தென்றல் இப்போது இங்கிருந்தே பஸ்ஸில் போய் வருகிறாள். திரும்பப் போன முதல் நாள் எவனோ ஒருத்தன், "வா பதினாலு" என்றானாம். "எம் பேரு தென்றல். அதச் சொல்லிக் கூப்ட்டாதான் திரும்புவேன்" என்றாளாம். அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. அறைந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லமா" என்றாள். அந்தப் பரவாயில்லை எனக்குப் பிடிக்கவில்லை. திருப்பித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் வேலை போனதற்கு நான் அழுவேன் என்று நினைக்காதே. சொல்ல வேண்டியதை ஏழு வாரம் கழித்துச் சொன்னாய். அந்த ஏழு வாரமும் என் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உன்னை அவள் மன்னித்தாளா என்று தெரியாது, கேட்கவில்லை. நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், இதை அக்கா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. அதற்கும் கோபம் வருகிறது.

அக்டோபர் பதினொன்றாம் தேதி அவளுக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு உன் நம்பரைத் திறந்து கூப்பிடுவேன். ஒரு தரம்தான் கூப்பிடுவேன். நீ எடுக்காவிட்டால் அத்தோடு சரி. எடுத்துவிட்டுச் சிரித்தாலும் அத்தோடு சரி.

செந்தாமரை

பென்னலூர்
12.10.2025

அன்புத் தங்கை செந்தாமரைக்கு,

நலம். எண்ணெய் வந்தது. உன் மாமாவுக்கு முதுகு தேவலை. இன்றைக்கு ஞாயிறு ஓ.டி. என்று விடிகாலையிலேயே வேலைக்குப் போய்விட்டார், சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவார்.

நீ கூப்பிடப் போகிறாய் என்று நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. போனைச் சார்ஜில் போட்டுக் கூடத்து அலமாரிமேல் வைத்திருக்கிறேன். உன் நம்பருக்கு மட்டும் தனியாக ஒரு மணிச் சத்தம் வைத்திருக்கிறேன், ஏமாந்துவிடக்கூடாது என்று. என்ன பேசுவது என்றும் யோசித்து வைத்தேன். முதலில் உன்னிடம் ஹலோ. அப்புறம் தென்றலிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, கொடுத்தால், தப்பு என்னுடையது கண்ணு என்று சொல்ல வேண்டும். இதை அவளிடம் ஒரு தரம்கூட நேராகச் சொல்லவில்லை. புருஷோத்தமனிடம் சொன்னேன், உன்னிடம் எழுதினேன், அவளிடம் சொல்லவில்லை. அவள் என்னைத் திட்டினால் முழுசாகக் கேட்க வேண்டும். நடுவில் ஒன்றும் சொல்லக்கூடாது.

போனில் சொல்ல வராமல் போனால் எழுத்திலாவது இருக்கட்டும் என்று பத்தரை மணிக்கு இதை எழுத உட்கார்ந்தேன். வீட்டில் யாரும் இல்லை, கூடத்திலேயே எழுதியிருக்கலாம். பழக்கதோஷம், குளியலறைக்கு வந்துவிட்டேன். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, சிரிக்காமல் ஹலோ சொல்லிப் பார்த்தேன். ஆறு தரம் சொன்னேன். நாலாவது நன்றாக வந்தது.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கப் போனேன். குமிழ் கையோடு வந்துவிட்டது. கம்பி உள்ளேயே நிற்கிறது. சீப்பின் காம்பால் நெம்பிப் பார்த்தேன். காம்பும் உள்ளே போய்விட்டது.

போன் அடித்தது. உன் மணிதான். முழுசாக அடித்து நின்றது. நான் இங்கிருந்தே எடுக்கிறேன், எடுக்கிறேன் என்று கத்தினேன். ஒரு தரம்தான் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் அடித்தது. இப்போது மறுபடியும் அடிக்கிறது, மூன்றாவது தரம். நான் எண்ணியது சரிதானா என்று தென்றலைக் கேட்டுச் சொல்.

மணி பதினொன்று இருபது. வாளிமேல் உட்கார்ந்திருக்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

காந்திமதி